22 அங்குல ஈகிள்: ரெசின் விண்கலத் தொகுப்பு ஒன்றின் மதிப்புரை

1975 முதல் 1977 வரை ஒளிபரப்பான ‘ஸ்பேஸ்: 1999’ என்னும் பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரைப் பார்த்திராதவர்கள்கூட, மாதிரி வடிவங்கள் செய்வதில் ஆர்வம் உள்ளவர்களாக இருந்தால், அதில் வந்த ஈகிள் விண்கலத்தை அறிந்திருப்பார்கள். பிரையன் ஜான்சன் வடிவமைத்த அந்தக் கலத்தில் காற்றைக் கிழித்துப் பறக்கும் பாவனை எதுவும் கிடையாது. முன்னால் விமானிகளுக்கான அறை, நடுவில் கழற்றி மாட்டத்தக்க பயணிகள் கூடம், பின்னால் நான்கு எஞ்சின் கூம்புகள், இவை அனைத்தையும் இணைத்துத் தாங்கும் குழாய்ச் சட்டகம் என்று, எந்தப் பகுதி எதற்காக இருக்கிறது என்பது பார்த்தவுடன் விளங்கும். படப்பிடிப்புக்காகச் செய்த மாதிரிகளில் பெரியவை 44 அங்குல நீளம் கொண்டவை. 22 அங்குலத்திலும் 11 அங்குலத்திலும் சிறியவை இருந்தன. இங்கே மதிப்பிடப்படுவது, 22 அங்குல அளவில், அதாவது ஏறக்குறைய 56 சென்டிமீட்டர் நீளத்தில், ஒரு சிறு பட்டறை குறைந்த எண்ணிக்கையில் வார்த்து விற்ற ரெசின் தொகுப்பு, அதாவது வாங்குபவரே சேர்த்து ஒட்டிப் பெயின்ட் அடிக்க வேண்டிய துண்டுகள்.

திண்மமான வடிவங்கள் எல்லாம் இத்தொகுப்பில் மிக நன்றாக வந்திருக்கின்றன. குழாய்ச் சட்டகம் மட்டும் பயன்படுத்தவே தகுதியற்றது. ஈகிளின் அழகில் பாதி அந்தச் சட்டகத்தில்தான் இருக்கிறது என்பதால் இது சிறிய குறையன்று. ஆனாலும் வாங்கியது வீண் என்று சொல்ல மனம் வரவில்லை.

ரெசின் தொகுப்புகள் உருவாகும் முறையைத் தெரிந்துகொண்டால் இந்த ஏற்றத்தாழ்வு எங்கிருந்து வருகிறது என்பது புரியும். பெரிய நிறுவனங்கள் உருகிய பிளாஸ்டிக்கை எஃகு அச்சுகளில் அழுத்தத்துடன் செலுத்தி, ஒரே அச்சில் தொகுப்புகளைப் பல்லாயிரக்கணக்கில் எடுக்கின்றன. ரெசின் பட்டறையோ முதலில் கையால் ஒரு மூல வடிவத்தைச் செய்து, அதன்மீது சிலிகோன் ரப்பரை ஊற்றி அச்செடுத்து, அந்த அச்சில் இரண்டு திரவங்களைக் கலந்து பாலியூரித்தேன் ரெசினாக ஊற்றுகிறது. கலவை சில நிமிடங்களிலேயே இறுகிவிடும். சிலிகோன் அச்சு வளைந்து கொடுக்கும் என்பதால் எஃகு அச்சில் சிக்கிக்கொள்ளக்கூடிய உட்குடைவுகளையும் ஒரே துண்டாக வார்த்துவிடலாம். ஆனால் சில பத்து வார்ப்புகளுக்குள் அச்சு தேய்ந்து, ஓரங்கள் கிழியத் தொடங்கும். எனவே ஒரே தொகுப்பை வாங்கிய இருவருக்குக் கிடைப்பது ஒரே தரமாக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. எனக்கு வந்தது தேயாத அச்சில் எடுத்தது என்பதை, விமானிகள் அறையின் சன்னல் விளிம்புகள் கத்தி போலக் கூராக இருந்ததிலிருந்து அறிந்துகொண்டேன்.

விமானிகள் அறை ஒரே துண்டாக வந்திருக்கிறது. ரெசின் ஊற்றிய வாயின் மிச்சக் கட்டையை அதன் பின்புறத்தில், சட்டகத்தோடு சேர்ந்து மறைந்துவிடும் இடத்தில் வைத்திருக்கிறார்கள். ரெசின் தொகுப்பை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். நுணுக்கங்கள் எவ்வளவு இருக்கின்றன என்பதைவிட, வார்ப்பின் தழும்புகளை எங்கே விட்டிருக்கிறார்கள் என்பதே வார்த்தவரின் தேர்ச்சியைக் காட்டும். பயணிகள் கூடத்திலும் இதே கவனம் தெரிகிறது: கட்டைகள் அடிப்பக்கத்திலும், அச்சின் இரு பாதிகள் சந்திக்கும் கோடு கூடத்தின் இயல்பான விளிம்பிலும் விழுகின்றன. கலம் தரையில் நிற்பதற்கான கால்கள் பொருந்தும் நான்கு கால் பெட்டிகளில் மட்டும் இந்தக் கோடு நுண்குழாய்கள் பதிந்த முகத்தின் குறுக்கே ஓடுகிறது. அதை அகற்றும்போது குழாய்களும் சேர்ந்து தேயும். தேய்ந்தவற்றைப் பிளாஸ்டிக் கம்பிகளால் மீண்டும் அமைக்க வேண்டும்.

எந்த ரெசின் தொகுப்பாக இருந்தாலும் முதல் வேலை கழுவுவது. அச்சிலிருந்து எளிதில் பிரிவதற்காகப் பூசும் எண்ணெய்ப் பொருள் துண்டுகளின்மீது தங்கியிருக்கும். அதன்மேல் அடித்த பெயின்ட் பிறகு மறைப்பு நாடாவோடு தோலாக உரிந்து வரும். பாத்திரம் துலக்கும் திரவத்தை வெதுவெதுப்பான நீரில் கலந்து, பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவினால் போதும். இந்தத் தொகுப்பில் எண்ணெய் சற்று மிகுதியாகவே இருந்ததால் இருமுறை கழுவுவது நல்லது. அடுத்து, கட்டைகளை நுண்ணிய வாளால் அறுத்து, உப்புத்தாளால் சமப்படுத்த வேண்டும். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது. உப்புத்தாளை நீரில் நனைத்தே தேய்க்க வேண்டும், அறுக்கும்போது முகக்கவசம் அணிய வேண்டும் என்ற எச்சரிக்கை இத்தொகுப்பின் வழிகாட்டித் தாளில் எங்குமே இல்லாதது கண்டிக்கத்தக்கது.

பயணிகள் கூடத்தின் ஒரு பக்கம் இலேசாக உள்வளைந்திருந்தது. ரெசினுக்கு இது இயல்பு. கை பொறுக்காத அளவு சூடான நீரில் சற்று நேரம் வைத்தால் துண்டு இளகும், அப்போது நிமிர்த்திப் பிடித்து உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் அந்த நிலையிலேயே இறுகிவிடும். எஞ்சிய மேடுபள்ளங்களை, கண்ணாடிப் பலகைமேல் ஒட்டிய 240 எண் உப்புத்தாளில் கூடத்தின் சமதளங்களை வைத்துத் தேய்த்தே சரிசெய்தேன். ஈகிளின் கூடத்துக்குத் தட்டையான பக்கங்களே இலட்சணம் என்பதால் இந்த உழைப்பைத் தவிர்க்க வழியில்லை.

காற்றுக்குமிழிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அழுத்தக்கலத்தில் வைத்து வார்த்தால் குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும்; இந்தப் பட்டறை பெரிய துண்டுகளுக்கு அப்படிச் செய்ததாகத் தோன்றுகிறது, சிறிய துண்டுகளுக்குச் செய்ததாகத் தெரியவில்லை. கால் பாதங்களின் விளிம்புகளில் ஊசித்துளைகள் நிறைய இருக்கின்றன. பழுப்பு, கருஞ்சாம்பல் போன்ற நிறம் பூசும் கலமாக இருந்தால் பாதியைக் கண்டுகொள்ளாமல் விடலாம். ஈகிளோ வெள்ளை, வெள்ளைப் பரப்பில் ஊசித்துளை ஒவ்வொன்றும் கரும்புள்ளியாக நிற்கும். சூப்பர் குளூவுடன் டால்கம் பவுடரைக் குழைத்து அடைத்தால் துளைகள் நன்றாக மூடிக்கொள்ளும். ஆனால் முற்றிலும் இறுகிய குளூ, சுற்றியுள்ள ரெசினைவிடக் கடினமாகிவிடும் என்பதால், அதற்கு முன்பே தேய்த்துவிட வேண்டும். நாள் கடத்தினால் குளூ மேடாக நிற்க, அக்கம்பக்கத்து ரெசின் பள்ளமாகும். பெரிய இடைவெளிகளுக்கு இரு பாகங்களைப் பிசைந்து சேர்க்கும் எபாக்சி பட்டியே ஏற்றது; நீர் தொட்ட விரலால் அதை வழவழப்பாக்கலாம்.

இனி அந்தச் சட்டகம். முன்னும் பின்னும் இரண்டு கூண்டுகள், அவற்றை மேலே இணைக்கும் நீண்ட முதுகெலும்பு என்று அமைந்த இப்பகுதியை, ரெசின் குச்சிகளாகவும் வார்த்த பலகங்களாகவும் கொடுத்திருக்கிறார்கள். பெட்டியிலேயே சில குச்சிகள் முறிந்திருந்தன. முறியாதவை வில்லாக வளைந்திருந்தன. வெந்நீரில் நிமிர்த்தினாலும் பயனில்லை. கூடமும் கால் பெட்டிகளும் சேர்ந்து கணிசமான எடை. அந்த எடையைத் தாங்கிக்கொண்டு நிற்கும் மெல்லிய ரெசின், நம் ஊர்க் கோடையில் அலமாரிக்குள்ளேயே மெல்லத் தொய்ந்துவிடும். ரெசின் இயல்பிலேயே பிளாஸ்டிக்கைவிடக் கனமானது என்று சிலர் எண்ணுகிறார்கள். இரண்டின் அடர்த்தியும் ஏறக்குறைய ஒன்றுதான். பிளாஸ்டிக் துண்டுகள் மெல்லிய ஓடுகளாகவும் ரெசின் துண்டுகள் தடித்த அல்லது முழுத் திண்மமான வார்ப்புகளாகவும் இருப்பதே எடை வேறுபாட்டுக்குக் காரணம்.

பெரிய படப்பிடிப்பு மாதிரிக்கே அன்று பித்தளைக் குழாய்ச் சட்டகம்தான் செய்தார்கள் என்பதை இந்த வடிவத்தை வார்க்க முன்வந்தவர்கள் அறியாமலிருக்க வாய்ப்பில்லை. குச்சிகளுக்குப் பதிலாகக் குழாய்களை வெட்டிக் கொடுத்திருக்கலாம், அல்லது சட்டகத்தையே விட்டுவிட்டு விலையைக் குறைத்திருக்கலாம். வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி, ஆணிகளால் குழாய்களை இடத்தில் நிறுத்தி, ஈயப்பற்று வைத்துச் சட்டகத்தை நாமே செய்துகொள்ளலாம். ரெசின் துண்டுகளோடு இணைப்பதற்கு முன்பே பற்றுவேலை முழுவதையும் முடித்துவிட வேண்டும். சூடு பட்டால் ரெசின் உருக்குலையும். இதில் பழக்கமில்லாதவர்கள் இந்தத் தொகுப்பை நாடாதிருப்பதே நல்லது.

எஞ்சின் கூம்புகள் நான்கும் சீரான வட்டமாக, உட்புற வளைவுகள் பிசகாமல் வந்திருக்கின்றன. கூம்புகளையும் கால்களையும் வெறும் பசையால் ஒட்டினால் நிலைக்காது. பிளாஸ்டிக் தொகுப்புகளுக்கான சிமென்ட் பாலிஸ்டைரீனைக் கரைத்து இணைப்பது; பாலியூரித்தேனில் அது வேலை செய்யாது. இரு பக்கமும் துளையிட்டுப் பித்தளைக் கம்பி செருகி எபாக்சி கொண்டு இணைத்தால், தவறுதலாகக் கை பட்டாலும் கால் கழன்று விழாது. துளையிட வேண்டிய மையங்களைச் சிறு குழிகளாக மூல வடிவத்திலேயே குறித்து வைத்திருக்கிறார்கள். நன்றி சொல்ல வேண்டிய ஏற்பாடு.

பெயின்டுக்கு முன் பிரைமர் என்னும் அடிப்பூச்சு கட்டாயம். ஜப்பானின் ஜிஎஸ்ஐ கிரியோஸ் நிறுவனம் தயாரிக்கும் மிஸ்டர் சர்ஃபேசர் என்னும் பிரைமரில் 500, 1000, 1200, 1500 என்று எண்கள் உண்டு. எண் கூடக் கூடப் பூச்சு நுண்மையாகும். தேய்த்த கீறல்கள் மிகுந்த இடத்தில் 500ஐத் தூரிகையால் பூசித் தேய்த்த பிறகு, முழுக் கலத்துக்கும் 1000 அடிப்பது இந்தத் தொகுப்புக்குப் பொருந்துகிறது. ஸ்ப்ரே டப்பாக்கள் விமான அஞ்சலில் ஆபத்தான பொருட்களாகக் கருதப்படுவதால், வெளிநாட்டிலிருந்து தொகுப்போடு சேர்த்து வரவழைக்கலாம் என்று நம்பியிருக்க வேண்டாம். கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மழைநாளில் ஸ்ப்ரே அடிக்காமல் இருப்பது நல்லது. ஈரக்காற்றில் பூச்சு வெளிறி, மங்கலாகப் படியும்.

ரவுண்ட் 2 நிறுவனம் எம்பிசி என்னும் பெயரில் இதே 22 அங்குல அளவில், 1:48 விகிதத்தில், ஈகிளைப் பிளாஸ்டிக் தொகுப்பாகவே வெளியிட்டிருக்கிறது. கலம் அலமாரியில் நின்றால் போதும் என்பவர்களுக்கு அதுவே தக்கது. கழுவவும் துளை அடைக்கவும் ஈயப்பற்று வைக்கவும் தேவையில்லை. ரெசின் தொகுப்பை, அதன் விமானிகள் அறைக்காகவும் எஞ்சின் கூம்புகளுக்காகவும், சட்டகத்தைத் தானே செய்யும் ஆவலுக்காகவும் மட்டுமே ஒருவர் வாங்க வேண்டும். அப்படி வாங்குபவர்கள், பணம் அனுப்புவதற்கு முன் கால் பெட்டிகளையும் பாதங்களையும் அருகில் வைத்து எடுத்த படங்களை விற்பவரிடம் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். அச்சு தேய்ந்திருந்தால் முதலில் மழுங்குவது அந்த நுண்குழாய்கள்தான்.