ஸ்னாப்ரெய்ட்: காணாமல் போன கோப்புகளை மீட்டுத் தரும் மென்பொருள், நான்கு ஆண்டு அனுபவம்

பழைய மேசைக் கணினி ஒன்றை வீட்டுச் சேமிப்புச் சர்வராக மாற்றி, தரவுக்கு நான்கு டெராபைட் வட்டுகள் மூன்றும் பாரிட்டிக்கு, அதாவது ஒரு வட்டு போனால் அதன் தரவை மீட்க உதவும் கணக்குத் தகவலுக்கு, அதே அளவில் ஒன்றும் பொருத்தி, ஸ்னாப்ரெய்டை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். குடும்பப் படங்கள், அப்பாவின் ஒலிநாடாக்களிலிருந்து கணினிக்கு மாற்றிய பதிவுகள், வருடக்கணக்கில் சேர்ந்த ஆவணங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. கோப்பைக் காணவில்லை என்ற செய்தி திரையில் தோன்றும்போது இந்த மென்பொருள் எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றியே எழுத விரும்புகிறேன். இதன் அருமையும் குறையும் அந்த நேரத்தில்தான் எனக்குத் தெரிந்தன.

ஆண்ட்ரியா மத்ஸோலேனி உருவாக்கி 2011 முதல் வெளிவரும் இலவசக் கட்டற்ற மென்பொருள் இது. பல வட்டுகளை ஒன்றாக இணைத்துத் தரவைக் காக்கும் வழக்கமான ரெய்டு முறையைப் போல ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் பாரிட்டியில் எழுதுவதில்லை. நாம் 'சிங்க்' கட்டளையை இயக்கும்போது மட்டுமே அப்போதைய நிலையைப் பதிந்துகொள்கிறது. கோப்புகள் வட்டில் சாதாரணக் கோப்புகளாகவே இருப்பதால், ஒரு வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் அவற்றை அப்படியே படிக்கலாம். கடைசி சிங்க்குக்குப் பிறகு அழிந்த கோப்பை அடுத்த சிங்க் வரை மீட்க முடியும் என்பதும் இந்த அமைப்பிலிருந்தே கிடைக்கும் பயன். அந்த இடைவெளியில் பதற்றப்பட்டு மீண்டும் சிங்க் செய்பவர், அழிவை உறுதிப்படுத்தும் ஆவணத்தில் தாமே கையெழுத்திடுகிறார்.

காணவில்லை என்று சொல்லப்படும் கோப்பு பல சமயம் உண்மையில் தொலைந்திருக்காது. என் சர்வரில் முதல் முறை அப்படித்தான் நடந்தது. ஒரு வட்டின் கேபிள் தளர்ந்து, மறுதொடக்கத்தின்போது அது மவுண்ட் ஆகவில்லை, அதாவது கணினியோடு இணையவில்லை. எல்லா வட்டுகளையும் ஒரே கோப்புறையாகக் காட்டும் மெர்ஜர்எஃப்எஸ் மீதியை மட்டும் காட்டியதால், பாதிப் படங்கள் போய்விட்டன என்று வீட்டில் அனைவரும் கலங்கிப் போனோம். அன்றிரவு தானாக ஓடவேண்டிய சிங்க், அந்த வட்டில் முன்பிருந்த கோப்புகள் அனைத்தும் காணவில்லை என்று எச்சரித்துவிட்டு நின்றுவிட்டது. கட்டாயப்படுத்தும் விருப்பத்தை நாமே சேர்த்தால் ஒழிய அது மேலே செல்வதில்லை. கேபிளைச் சரியாக மாட்டியதும் எல்லாம் திரும்பி வந்தன. இந்த ஒரு பாதுகாப்புக்காகவே இதன் ஆசிரியருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

சிங்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்பு மறைந்துபோவது இன்னொரு வகை. பதிவிறக்கத்தில் இருக்கும் பாதிக் கோப்புகளும் தற்காலிகக் கோப்புகளுமே பெரும்பாலும் இதற்குக் காரணம். அவை இருக்கும் கோப்புறைகளை அமைப்புக் கோப்பில் 'எக்ஸ்க்ளூட்' வரியால் விலக்கிவிட்டு, சிங்க்கை மறுபடி இயக்கினால் போதும்.

உண்மையான சோதனை இரண்டாம் ஆண்டில் வந்தது. என் அக்கா மகன் நெட்வொர்க் வழியாகப் படங்களை வேறு கோப்புறைக்கு மாற்றும்போது, ஒரு திருமணத்தின் 214 படங்களைத் தவறுதலாக அழித்துவிட்டான். நான் முதலில் தானியங்கி சிங்க்கை நிறுத்தினேன். அடுத்து 'டிஃப்' கட்டளையை இயக்கி, எந்தெந்தக் கோப்புகள் நீக்கப்பட்டவையாகக் காட்டப்படுகின்றன என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதன் பிறகே 'ஃபிக்ஸ்' கட்டளையை, காணாமல் போனவற்றை மட்டும் மீட்கும் 'எம்' விருப்பத்தோடும், அந்தக் கோப்புறையை மட்டும் குறிக்கும் 'எஃப்' விருப்பத்தோடும் இயக்கினேன். 'எம்' இல்லாமல் இயக்கியிருந்தால், நான் இடையில் திருத்தியிருந்த கோப்புகளும் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கும்.

211 படங்கள் திரும்பி வந்தன. மூன்று படங்களின் பெயரில் மீட்க இயலாதவை என்பதைக் குறிக்கும் பின்னொட்டு சேர்ந்திருந்தது. காரணம் நான்தான்: கடைசி சிங்க்குக்குப் பிறகு இன்னொரு வட்டில் சில பழைய காணொளிகளை நீக்கியிருந்தேன். பாரிட்டி என்பது எல்லா வட்டுகளிலும் ஒரே வரிசையில் உள்ள துண்டுகளைச் சேர்த்துப் போட்ட கணக்கு. அந்த வரிசையில் ஒரு துண்டு தெரியாவிட்டால் மற்றவற்றைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்கலாம், இரண்டு தெரியாவிட்டால் ஒற்றைப் பாரிட்டியால் முடியாது. அடுத்த மாதமே இரண்டாம் பாரிட்டி வட்டு வாங்கினேன். ஆறு நிலை வரை இந்த மென்பொருள் அனுமதிக்கிறது. நான்கைந்து வட்டுகள் உள்ள வீட்டுக்கு இரண்டு போதுமானவை என்பது என் கருத்து.

மீண்டு வந்த படங்களை மற்றவர்களால் திறக்க முடியாமல் போனது இன்னொரு பாடம். கோப்பின் உள்ளடக்கத்தையும் நேரக் குறிப்பையும் ஸ்னாப்ரெய்ட் காக்கிறது, உரிமையாளர் விவரத்தையும் அனுமதிகளையும் காப்பதில்லை. அவற்றை நானே கையால் அமைக்க வேண்டியிருந்தது.

சத்தமின்றிக் கெட்டுப்போகும் கோப்புகளைக் கண்டறியும் 'ஸ்க்ரப்' கட்டளையையும் குறிப்பிட வேண்டும். இயல்பாக அது ஒரு முறைக்கு மொத்தத்தில் 8 சதவீதத்தைச் சரிபார்க்கிறது. வாரம் ஒரு முறை இயக்கினால் ஏறத்தாழ மூன்று மாதங்களில் எல்லா வட்டுகளையும் ஒரு சுற்று பார்த்துவிடுகிறது.

படம், இசை, காணொளி என்று சேர்த்த பின் அதிகம் மாறாத கோப்புகள் உள்ளவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நாள் முழுதும் மாறும் தரவுத்தளங்களையோ மெய்நிகர்க் கணினிக் கோப்புகளையோ இதில் வைப்பவர்கள் ஏமாற்றமடைவார்கள். பாரிட்டி வட்டும் அதே பெட்டிக்குள் இருப்பதால், இடி விழுந்தாலோ பெட்டி திருடு போனாலோ எல்லாம் ஒன்றாகவே போகும் என்பதால், முக்கியமானவற்றுக்கு இன்னொரு வீட்டில் தனி நகல் வைத்திருக்கிறேன்.

நான் பயன்படுத்தும் பதிப்பில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது ஒன்றுதான். ஒரு வட்டு முழுவதும் காலியானால் சிங்க் நிற்கிறது. இருநூறு கோப்புகள் மறைந்தால் நிற்பதில்லை. ஆகவே ஒரு சிறிய ஸ்கிரிப்ட் எழுதி, இரவு சிங்க்குக்கு முன் டிஃப் இயக்கி, நீக்கப்பட்டவை 20-ஐத் தாண்டினால் சிங்க்கை நிறுத்தி எனக்கு மின்னஞ்சல் அனுப்பும்படி செய்திருக்கிறேன். இதுவரை இரண்டு முறை அந்த மின்னஞ்சல் வந்திருக்கிறது. இரண்டு முறையும் அக்கா வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, வேண்டுமென்றே நீக்கியவைதாம் என்று உறுதி செய்துகொண்ட பிறகே சிங்க்கைத் தொடர்ந்தேன்.