3.21 கிராமில் ஒரு பேரரசி

போன மாதம் ஹட்டன் தபால் கந்தோரில் கையெழுத்துப் போட்டு வாங்கிய உறைக்குள் ஃபௌஸ்டினா இருந்தார். ரோமப் பேரரசர் அன்டோனினஸ் பயஸின் மனைவி. ஐரோப்பாவில் உள்ள ஒரு காசு வியாபாரியிடம் இணையத்தில் வாங்கிய தெனாரியஸ், அதாவது பழைய ரோம வெள்ளிக் காசு இது. தபால் செலவோடு 25,000 ரூபாய்க்குக் கிட்ட ஆனது, வந்து சேர ஐந்து வாரம்.

முதலில் காசைப் பற்றி. அகலம் 18 மில்லிமீட்டர். கூந்தலைப் பின்னி, தலையைச் சுற்றிக் கொண்டுவந்து உச்சியில் கட்டிய கொண்டை. லென்ஸ் வைத்துப் பார்த்தால் பின்னலின் இழைகூடத் தெரிகிறது. அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாரு இந்தம்மா? கொண்டைய எவ்வளவு நேர்த்தியா போட்டிருக்கு!" என்றார். சுற்றிலும் 'டீவா ஃபௌஸ்டினா' என்ற எழுத்து. டீவா என்றால் தெய்வமானவள், அதாவது கி.பி. 140 வாக்கில் அவர் இறந்த பிறகு அடித்த காசு. கணவர் அவருக்கு ரோமில் கோயில் கட்டினார், அவர் பெயரில் ஏழைப் பெண்பிள்ளைகளுக்கு உதவித் திட்டம் வைத்தார், இந்தக் காசுகளையும் ஏராளமாக அடிக்க வைத்தார். அதனால்தான் இன்றும் நிறையக் கிடைக்கின்றன. பேரரசிகளைச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் இவரிடமிருந்தே தொடங்கலாம்.

இந்த வியாபாரியை நான் நம்பியதற்குக் காரணம், எடையை எழுதியிருந்தார்: 3.21 கிராம். என் நகைத் தராசும் 3.21 என்றே காட்டியது. அம்மா தேயிலைத் தோட்டத்தில் 30 வருடம் கொழுந்து எடுத்தவர். மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், நிறுக்கும்போது ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கழித்துவிடுவார்கள். கூடையைச் சுமந்து வந்தவர் ஒன்றும் பேச முடியாது. எடை சரியாக இருந்தால் எனக்கு அப்படி ஒரு நிம்மதி வருவது அதனால்தான்.

இதற்கு முன் சுற்றுலாப் பயணிகள் வரும் ஊர்க் கடை ஒன்றில் ஏமாந்திருக்கிறேன். மன்னார்ப் பக்கம் மண்ணில் எடுத்தது என்று சொல்லி ஒரு 'பேரரசி'யைத் தந்தார்கள். வீட்டில் நிறுத்தால் 2.4 கிராம். விளிம்பைச் சுற்றி அச்சில் வார்த்த கோடு, முகமெல்லாம் பொடிப்பொடிக் குழி. தெனாரியஸ் சுத்தியலால் அடித்த காசு, அதில் வார்ப்புக் கோடு வராது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: நம் இலங்கையில் கிடைத்த ரோமக் காசுகளில் பெரும்பாலானவை 4, 5ஆம் நூற்றாண்டுச் சின்னச் செப்புக் காசுகள். வெள்ளிப் பேரரசி இங்கே தோண்டும்போது கிடைத்தாள் என்று யாராவது சொன்னால், அப்படியே நகர்ந்துவிடுங்கள்.

தெனாரியஸின் எடைக்கும் நம் தீவுக்கும் பழைய தொடர்பு உண்டு. ரோமப் பேரரசர் கிளாடியஸ் காலத்தில் காற்றில் அடிபட்டு இங்கே கரைசேர்ந்த ஒருவனைப் பற்றி ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அவனிடம் இருந்த தெனாரியஸ்களில் தலைகள் வேறு வேறு, எடை மட்டும் ஒன்று. அதைப் பார்த்துத்தான் நம் அரசன் ரோமரின் நேர்மையை மெச்சினானாம். ஃபௌஸ்டினாவைத் தராசில் வைத்தபோது அந்த அரசன் நினைவுக்கு வந்தான்.

குறை ஒன்று உண்டு. காசை மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். நம் மலைநாட்டு ஈரத்தில் அதற்குள்ளேயே விட்டால் பச்சைப் பிசுக்கு ஏறும். அன்றைக்கே எடுத்துக் காகித உறைக்கு மாற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வைத்தேன். கறுத்தாலும் தேய்க்க மாட்டேன்.

அடுத்தது ஜூலியா டொம்னா, பிந்தைய ரோமப் பேரரசி. அவர் காலத்துக்குள் காசில் வெள்ளி பாதிக்குப் பக்கம் குறைந்துவிட்டது, ஆனாலும் வேண்டும். அதே வியாபாரியிடம்தான் கேட்டிருக்கிறேன், பிவிசி உறை வேண்டாம் என்று எழுதி.