பிளே கன்சோல் ரோல்அவுட்: மூவாயிரம் பேர் வைத்திருக்கும் ஆப்புக்கு எவ்வளவு உதவும்?

தோவாளைப் பூ விலை சொல்லும் ஆப் ஆகட்டும், குளச்சல் மீன் ஏலத்துக்கான ஆப் ஆகட்டும், குலசேகரம் பக்கத்து ரப்பர் ஷீட் விலை காட்டும் ஆப் ஆகட்டும், நாகர்கோவிலில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து இப்படி ஒன்றை நடத்தினால் வெளியீட்டு வேலையின் பெரும்பகுதி பிளே ஸ்டோரில் ஆப்பை ஏற்றி நிர்வகிக்கும் தளமான கூகுள் பிளே கன்சோலில்தான் நடக்கும். ஒருமுறை 25 டாலர் கட்டினால் போதும், ஆண்டுச் சந்தா கிடையாது. அந்தக் காசுக்கு இது தரும் வசதிகள் அதிகம். ஆனால் அதன் அளவுகோல்கள் எல்லாம் லட்சக்கணக்கில் பயனர் உள்ள ஆப்புக்காகச் செய்தவை. மூவாயிரம் பேர் ஆப்பை அதே அளவுகோலில் வைத்தால் கணக்கு உதைக்கும். ஐந்துக்கு மூன்றரை கொடுக்கலாம். குறையும் அந்த ஒன்றரைக்குக் காரணங்கள் கீழே.

முதலில் ஸ்டேஜ்டு ரோல்அவுட். புதிய பதிப்பை எல்லாருக்கும் ஒரேயடியாகத் தராமல், குறிப்பிட்ட சதவீதப் பயனர்களுக்கு மட்டும் தரும் வசதி இது. ஆப்பின் முதல் வெளியீட்டுக்குக் கிடையாது, அடுத்தடுத்த அப்டேட்டுகளுக்கு மட்டும்தான். யாருக்குப் போகும் என்பதை கூகுள் குலுக்கல் முறையில் பொறுக்கும். நாடு வாரியாகச் சுருக்கலாம், மாவட்டம் வாரியாக முடியாது. "முதலில் கல்குளம் தாலுகாவுக்கு மட்டும் விட்டுப் பார்ப்போம்" என்பதெல்லாம் இங்கே நடக்காது. அதற்கு குளோஸ்டு டெஸ்டிங்கில் இமெயில் பட்டியல் போட்டு அந்தப் பகுதி ஆட்களைச் சேர்ப்பதுதான் வழி.

எத்தனை சதவீதத்தில் தொடங்குவது? பெரிய நிறுவனங்களைப் பார்த்து 1 சதவீதம் என்று போடுவது சின்னக் குழுக்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. 3,000 பேரில் 1 சதவீதம் 30 பேர். ஐம்பதில் ஒரு போனில் மட்டும் வரும் கிராஷ் (ஆப் திடீரென மூடிக்கொள்வது) ஒன்று பதிப்பில் இருக்கிறது என்று வையுங்கள். அந்த 30 பேரில் ஒருவருக்குக்கூட அது வராமல் போக பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. அதுவும் 30 பேரும் உடனே அப்டேட் செய்துவிட்டதாக எடுத்துக்கொண்டால். 5 சதவீதம் என்றால் 150 பேர், மூன்று பேருக்கு அடிபடும். 20 சதவீதத்தில் 600 பேர், பன்னிரண்டு பேருக்கு அடிபடும். மூன்று புகார் வந்தால் "அவங்க போன் பழசு" என்று தள்ளிவிடத் தோன்றும், பன்னிரண்டைத் தள்ள முடியாது. ஆகவே இந்த அளவுள்ள ஆப்புக்கு 20-இல் தொடங்கி, இரண்டு நாள் பார்த்து 50, இன்னும் ஒரு நாள் பார்த்து 100 என்பதே சரியான படிக்கட்டு.

இந்தப் படிகள் தானாக ஏறாது. ஒவ்வொரு முறையும் ஆள் போய் எண்ணை மாற்ற வேண்டும். 20-இல் வைத்துவிட்டு மறந்தால் ஐந்தில் நான்கு பேர் மாதக்கணக்கில் பழைய பதிப்பிலேயே கிடப்பார்கள், கன்சோல் கூச்சல் போட்டு எழுப்பாது. வெளியிட்ட அன்றே அடுத்த இரண்டு தேதிகளையும் காலண்டரில் குறித்துவிடுவது நல்லது.

கோளாறு தெரிந்தால் ரோல்அவுட்டை ஹால்ட் செய்யலாம், அதாவது பாதியில் நிறுத்தலாம். அது பரவுவதை நிறுத்துமே தவிர, ஏற்கெனவே ஏறிய பதிப்பை யார் போனிலிருந்தும் இறக்காது. 2025 முதல், 100 சதவீதம் போய்விட்ட பதிப்பையும் புதிதாக வருவோருக்குப் போகாமல் நிறுத்தும் வசதி உண்டு. வாங்கியவர்களுக்கு மட்டும் ஒரே மருந்து: பழைய, நல்ல சோர்ஸ் கோடை எடுத்து, கோளாறான பதிப்பைவிட மேலான வெர்ஷன் கோட் (பதிப்பின் வரிசை எண்) போட்டு, கூகுளின் சரிபார்ப்பான ரிவ்யூவுக்கு மறுபடி அனுப்புவது. ரிவ்யூ சில மணி நேரத்திலும் முடியலாம், ஏழு நாளும் ஆகலாம், அரிதாக அதற்கு மேலும் போகலாம் என்கிறது கூகுள். கடைசி நல்ல பதிப்பின் சோர்ஸ் கோடை கிட்டில் (கோட் மாற்றங்களைச் சேமிக்கும் கருவி) டேக் போட்டு, அதாவது பெயரிட்டு அடையாளம் வைக்காத குழு இந்த நேரத்தில்தான் தலையைப் பிய்த்துக்கொள்ளும்.

வெர்ஷன் கோட் என்றதும் ஒரு பொறி. இதன் உச்சவரம்பு 2100000000. ஆண்டு நான்கு இலக்கம், மாதம், தேதி, அன்றைய பில்டு எண் இரண்டு இலக்கம் என்று எழுதினால் 2025091501 மாதிரி வரும், வரம்புக்குள் அடங்கும். ஆண்டை இரண்டு இலக்கமாகச் சுருக்கி மணியையும் நிமிடத்தையும் சேர்த்தால் 2509151430, வரம்பைத் தாண்டிவிட்டது, பிளே ஏற்காது. ஒருமுறை ஏற்றிய எண்ணைத் திரும்பப் பயன்படுத்தவும் முடியாது.

இனி, வெளியீட்டு நாளில் அதிகம் பேர் விழும் குழி. டெஸ்ட் என்ற பெயரில் ஏபிகே ஃபைலை (ஆண்ட்ராய்டு ஆப்பை நேரே நிறுவும் ஃபைல்) வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஓடுது அண்ணே" என்ற பதிலை நம்பி வெளியிடுவது. பிளே வழியாகப் போகும் ஆப்பில் இறுதி டிஜிட்டல் கையெழுத்து கூகுள் வைத்திருக்கும் சாவியால் போடப்படும். குழுவிடம் இருப்பது அப்லோடு சாவி மட்டும். இரண்டும் வேறு என்பதால் வாட்ஸ்அப்பில் போன ஆப் வேறு, பிளேயில் கிடைக்கும் ஆப் வேறு. பிளேயில் இறக்கியதில் கூகுள் சைன்இன் வேலை செய்யாது, மேப் வெள்ளையாக நிற்கும், ஓடிபி தானாக நிரம்பாது. முதல் இரண்டுக்கும் மருந்து எளிது: கன்சோலில் ஆப் சைனிங் பக்கத்தில் இருக்கும் ஷா-1 எண்ணை (சாவியின் கைரேகை மாதிரி) எடுத்து ஃபயர்பேஸிலும் (லாகின் போன்றவற்றுக்கான கூகுளின் சேவை) மேப் சாவியின் கட்டுப்பாட்டிலும் சேர்க்க வேண்டும். ஓடிபி கொஞ்சம் வம்பு. எஸ்எம்எஸ்ஸின் கடைசியில் வரும், ஆப்பை அடையாளம் காட்டும் 11 எழுத்து ஹேஷ், பேக்கேஜ் பெயரையும் (ஆப்பின் உள் அடையாளப் பெயர்) கையெழுத்துச் சாவியையும் வைத்துக் கணக்கிடப்படுவது. சாவி மாறினால் ஹேஷும் மாறும். நம் நாட்டில் எஸ்எம்எஸ் வாசகத்தை டிஎல்டி (மொபைல் நிறுவனங்களின் எஸ்எம்எஸ் பதிவேடு) டெம்ப்ளேட்டாகப் பதிய வேண்டும் என்பதால், டெவலப்பர் கணினியில் எடுத்த ஹேஷை வாசகத்தோடு பதிந்திருந்தால் அதை மாற்றி மறுபடி ஒப்புதல் வாங்க நாட்கள் போகும். பிளே சாவியின் ஹேஷை முதலிலேயே எடுத்துப் பதிவதே லாபம்.

இதற்காகவே இன்டர்னல் டெஸ்டிங் டிராக் இருக்கிறது. 100 பேர் வரை சேர்க்கலாம், ஏற்றிய சில நிமிடங்களில் பில்டு கிடைத்துவிடும், கையெழுத்தும் பிளேயின் அசல் கையெழுத்து. கன்சோலில் முழு மதிப்பெண் பெறும் பகுதி இதுதான்.

தனிநபர் கணக்கு வைத்திருப்போருக்கு இன்னொரு சுங்கச்சாவடி உண்டு. 2023 நவம்பர் 13-க்குப் பின் தொடங்கிய தனிநபர் கணக்கானால், புரொடக்‌ஷனுக்கு (பொது வெளியீட்டுக்கு) விண்ணப்பிக்கும் முன் குளோஸ்டு டெஸ்டில் 12 பேர் 14 நாள் தொடர்ந்து இருந்தாக வேண்டும். ஆரம்பத்தில் 20 பேர் கேட்டார்கள், 2024 டிசம்பரில் குறைத்தார்கள். சரியாகப் பன்னிரண்டு பேரை மட்டும் சேர்த்தால் பத்தாம் நாள் ஒருவர் விலகுவார், கணக்கு கெடும். இருபது பேரைச் சேர்ப்பது பாதுகாப்பு. கூட்டுறவுச் சங்கமோ பதிவுசெய்த நிறுவனமோ என்றால் டன்ஸ் எண் (டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் தரும் நிறுவன அடையாள எண்) வாங்கி நிறுவனக் கணக்காகவே தொடங்கலாம், இந்தப் பன்னிரண்டு பேர் நிபந்தனை அதற்கு இல்லை.

ரிவ்யூவில் மாட்டும் இடம் பெரும்பாலும் லாகின். கூகுளின் பரிசோதகர் கையில் இந்திய சிம் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஃபயர்பேஸ் போன் லாகினில் கற்பனை எண்ணும் நிலையான ஓடிபியும் பதிந்துவைக்கலாம், அதை கன்சோலின் ஆப் ஆக்செஸ் பகுதியில் எழுத வேண்டும். இன்னொன்று: மாற்றங்களைச் சேமித்துவிட்டு, பப்ளிஷிங் ஓவர்வியூ பக்கத்தில் போய் ரிவ்யூவுக்கு அனுப்பும் பொத்தானை அமுக்காமல் நாலு நாள் காத்திருக்கும் குழுக்கள் உண்டு. சேமிப்பது ஒரு பக்கம், அனுப்புவது இன்னொரு பக்கம் என்ற இந்த வடிவமைப்புக்கு அரை நட்சத்திரம் வெட்டு.

ஆப்பின் பெயருக்கு 30 எழுத்து, "புதிது என்ன" குறிப்புக்கு ஒரு மொழிக்கு 500 எழுத்து என்பது வரம்பு. எண்ணுவது யூனிகோட் கணக்கில், தமிழ் வாத்தியார் கணக்கில் அல்ல. "குமரி மீன் சந்தை" என்பது நமக்கு எட்டு எழுத்தும் இரண்டு இடைவெளியும், கணினிக்கு 16. விளவங்கோடு பக்கம் மலையாளம் படிப்போருக்காக அந்த மொழியிலும் குறிப்பு எழுதுவது நல்லது. அதற்கும் தனியாக 500 கிடைக்கும்.

ஆப்பின் ஆரோக்கியத்தைக் காட்டும் வைட்டல்ஸ் பகுதியில் கிராஷுக்கு 1.09 சதவீதம், ஏஎன்ஆருக்கு (ஆப் உறைந்து பதில் தராமல் நிற்பது) 0.47 சதவீதம் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். தாண்டினால் பிளேயில் ஆப் கண்ணில் படுவது குறையும். பயனர் குறைவான ஆப்புக்கு அந்தப் பக்கம் பெரும்பாலும் போதிய தரவு இல்லை என்றே காட்டும். ரோல்அவுட்டை நகர்த்தலாமா என்று முடிவெடுக்க ஃபயர்பேஸின் கிராஷ் பதிவுக் கருவியான கிராஷ்லிடிக்ஸ்தான் கை கொடுக்கும், கூடவே ஹெல்ப்லைன் எண்ணுக்கு வரும் அழைப்புகளும்.

குமரிக்கே உரிய சிக்கல் ஒன்று தங்குகடல். தூத்தூர் வட்டாரப் படகுகள் வாரக்கணக்கில் கடலில் இருக்கும், அந்தப் போன்களுக்கு அப்டேட் கரை சேர்ந்த பிறகுதான். கரையிலும் பிளேயின் தானியங்கி அப்டேட் வைஃபை இருந்து, சார்ஜில் போட்டு, போன் சும்மா கிடக்கும்போதுதான் முக்கியமாக நடக்கும். மொபைல் டேட்டாவை மட்டும் நம்பியிருக்கும் வீட்டில் அது தள்ளிக்கொண்டே போகும். ஆகவே சர்வர் பக்கம் முந்தைய இரண்டு மூன்று பதிப்புகளையாவது இரண்டு மாதம் தாங்க வேண்டும். டேட்டாபேஸில் புதிய நெடுவரிசையைச் சேர்ப்பது முதலில், ஆப் வெளியீடு அடுத்து, பழைய நெடுவரிசையை நீக்குவது எல்லாரும் மாறிய பிறகு. துறைமுகத்தில் ஒரு கோடு சிக்னலோடு ஆப்பைத் திறப்பவரிடம் "அப்டேட் செய்தால்தான் உள்ளே விடுவேன்" என்று கட்டாயப்படுத்தினால் அன்றைய ஏலம் போச்சு. கோளாறான வசதியை, அப்டேட் இல்லாமலே ஆப்பின் அமைப்பை மாற்றும் ஃபயர்பேஸின் ரிமோட் கான்ஃபிக் வழியாக அணைக்கும் பொத்தான் வைப்பது மேல். ஆப் புதிய அமைப்பை எடுக்கும் அதன் இயல்பான இடைவெளி 12 மணி நேரம் என்பதையும், உடனே அணைய வேண்டுமானால் ரியல்டைம் வசதியை இயக்க வேண்டும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

பெரிய மாற்றங்களுக்கு மீன்பிடித் தடைக்காலமே நல்ல நாள். சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14, குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31. விசைப்படகுக்காரர்கள் ஊரில் இருப்பார்கள். பூச்சந்தை ஆப்பானால் நேர்மாறு: ஓணத்துக்கு முந்தைய பத்து நாள் கன்சோலைத் தொடவே கூடாது. மற்ற நாட்களிலும் விடியற்காலை வியாபாரம் முடிந்த பிறகு, பகல் பதினொரு மணிக்கு வெளியிட்டால், கோளாறு வந்தாலும் மறுநாள் சந்தைக்கு முன் ஹால்ட் செய்ய நேரம் இருக்கும்.

மாதம் இரண்டு முறைக்கு மேல் வெளியிடும் குழு வெளியீட்டைத் தானியங்கியாக்கும் ஃபாஸ்ட்லேன் கருவியைப் போட்டுக்கொள்ளலாம், இலவசம். முதல் பண்டிலை (பிளேயில் ஏற்றும் ஆப் தொகுப்பு) கையால்தான் ஏற்ற வேண்டும், அதன் பிறகே அது வேலை செய்யும். இதை வைக்க இன்னொரு காரணம், ஆப்புக்குள்ளேயே அப்டேட் செய்யச் சொல்லும் இன்-ஆப் அப்டேட்டின் அவசர எண். 0 முதல் 5 வரையான அந்த எண்ணை டெவலப்பர் ஏபிஐ (நிரல் மூலம் கன்சோலை இயக்கும் வழி) வழியாகத்தான் கொடுக்க முடியும், வெளியிட்ட பின் மாற்றவும் முடியாது. இவ்வளவு முக்கியமான ஒன்றுக்குக் கன்சோல் திரையில் ஒரு பெட்டி வைக்காதது புரியாத புதிர்.

ஐபோன் பக்கம் ஆண்டுக்கு 99 டாலர். ரோல்அவுட்டுக்கு அங்கே பெயர் ஃபேஸ்டு ரிலீஸ், ஏழு நாள், 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம் என்று தானாக ஏறும், எண்ணை மாற்ற முடியாது, மொத்தம் 30 நாள் வரை நிறுத்திவைக்கலாம். ஆப் ஸ்டோரில் போய்க் கையால் அப்டேட் செய்பவருக்கு முதல் நாளே கிடைத்துவிடும். ஐபோன் பயனர் நூறு பேர் உள்ள ஆப்புக்கு முதல் நாள் சோதனை ஒரே ஒருவர். ஆப்பிளின் டெஸ்டிங் ஆப்பான டெஸ்ட்ஃப்ளைட்டில் அந்த நூறு பேரில் இருபது பேரை வைத்து ஒரு வாரம் ஓட்டிவிட்டு, நேரே எல்லாருக்கும் விடலாம்.