வடக்கின் பெரும் போரா, பொன் அணிகளின் போரா?

மார்ச்சில் யாழ்ப்பாணத்துக்கு வருகிறவர்கள் கேட்பது இதுதான்: ஒரு பள்ளிக் கிரிக்கெட் மட்ச் பார்க்கத்தான் நேரம், எதற்குப் போகலாம்?

பழைமை: வடக்கின் பெரும் போர், அதாவது மத்திய கல்லூரி – சென். ஜோன்ஸ் மோதல், 1904இல் தொடங்கியது. பொன் அணிகளின் போர், அதாவது சென். பற்றிக்ஸ் – யாழ்ப்பாணக் கல்லூரி மோதல், 1917இல்.

நேரம்: முன்னது மூன்று நாள். மற்றது இரண்டு.

பகை: பெரும் போரில் இரண்டும் நகரப் பள்ளிகள். ரியூசனில் பக்கத்து வாங்கு, வீட்டில் மச்சான். அதனால் நக்கல் வருசம் முழுக்க ஓடும். எதிரணிப் பெடியன் அரைச்சதம் அடித்தால் முதலில் 'கூ', அப்புறம் மனமில்லாமல் ஒரு கைதட்டல். அந்தக் கைதட்டலைப் பார்க்கவே நான் போவேன். பொன் அணிகளில் ஒன்று நகரம், ஒன்று வட்டுக்கோட்டை. சீண்டலில் ஊர்ப் பெருமையும் கலக்கும்.

தொண்டை கிழியக் கத்த வேண்டுமா, முன்னது. பழைய கூட்டாளிகளோடு ஆறுதலாகக் கதைக்க வேண்டுமா, சரி, பின்னது.