சக்கரத்தின் உட்புறம் ஒட்டியிருந்த கிரீஸ்

பாளையங்கோட்டையில் இருக்கும் அப்பாவின் காருக்குப் பத்து வயது ஆகிறது. டொரண்டோவிலிருந்து மூன்று வார விடுமுறையில் வந்த நான்தான் அதை ஓட்டிக்கொண்டிருந்தேன். முதலில் உவரி சுயம்புலிங்கசாமி கோயிலுக்குப் போய் வந்தோம். நான்கு நாள் கழித்துப் பாபநாசம் போகும் வழியில், சேரன்மகாதேவியில் முன்பக்க இடது சக்கரம் பஞ்சர். அது எங்கள் நல்ல நேரம்.

பஞ்சர் கடைத் தம்பி சக்கரத்தைக் கழற்றியதும் அதைத் திருப்பிக் காட்டினான். ரிம்மின் உட்புறம் முழுவதும் கறுப்பாகத் தெறித்திருந்தது. ஒரு துளியைத் தொட்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தான். “ஆயில் இல்லை சார், கிரீஸ். ஆக்ஸில் பூட் கிழிந்திருக்கிறது.” குனிந்து பார்த்தேன். துருத்திபோல் மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்த ரப்பர் உறையில், ஒரு மடிப்பின் அடியில் கட்டைவிரல் நீளத்துக்குப் பிளவு. அதன் ஓரத்தில் உவரிப் பக்கத்துத் தேரியின் (செம்மணல் மேட்டின்) மண் அப்பியிருந்தது. பாபநாசத்தை மறந்து, மெதுவாக வீடு திரும்பினோம்.

முன்சக்கரங்கள் இழுக்கும் காரில், எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது டிரைவ் ஷாஃப்ட். சக்கரம் திரும்பினாலும் பள்ளத்தில் இறங்கினாலும் அது சுற்றிக்கொண்டே வளைந்துகொடுக்க வேண்டும். அதற்காகத்தான் இரு முனையிலும் சி.வி. ஜாயிண்ட் என்ற வளையும் இணைப்பு. எங்கள் காரில் வெளிமுனை ஜாயிண்டுக்குள் ஆறு எஃகுக் குண்டுகள் கிரீஸில் மூழ்கி ஓடுகின்றன. உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும், மண்ணும் தண்ணீரும் உள்ளே புகும். பிறகு அந்த மண்ணே அரமாகிக் குண்டுகளை அராவும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்துத் திரும்பும்போது ‘கடக் கடக்’ என்று கேட்டால் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது, அதற்குமேல் புது உறை போட்டுப் பயனில்லை. எங்கள் வண்டியில் அந்தச் சத்தம் இன்னும் வரவில்லை.

மறுநாள் கம்பெனி சர்வீஸ் நிலையம் ஒன்றுக்குப் போனோம். ஷாஃப்டையே மாற்ற வேண்டும், மதுரையிலிருந்து வர நான்கு நாள், 9,800 ரூபாய் என்றார்கள். டொரண்டோவிலும் பெரும்பாலும் முழு ஷாஃப்டைத்தான் மாற்றுவார்கள். அங்கே கூலி அதிகம், பிரித்துத் துடைக்கும் நேரத்துக்கு மாற்று ஷாஃப்டே மலிவு. அதனால் மாற்றச் சொன்னது எனக்குக் குறையாகப் படவில்லை. வண்டியைத் தூக்கிப் பார்க்காமல், ஓட்டியும் பார்க்காமல், மேசையிலிருந்தே தொகை சொன்னதுதான் பொறுக்கவில்லை. ஓய்வூதியத்தில் வாழும் எழுபத்து நான்கு வயது மனிதர் “சத்தமே இல்லையே, பூட் உறையை மட்டும் மாற்றக் கூடாதா?” என்று கேட்கிறார். “அப்படிச் செய்வதில்லை” என்பதோடு பேச்சை முடித்துவிட்டார்கள்.

பக்கத்து வீட்டு மாமா சொல்லித் தச்சநல்லூர்ப் பக்கம் ஒரு மெக்கானிக்கிடம் போனோம். அறுபதை நெருங்கும் அண்ணாச்சி. முதலில் என்னை ஓட்டச் சொன்னார். எதிரே இருந்த காலி மனையில் ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்து நான் வட்டமடிக்க, அவர் சக்கரத்தோடு கூடவே நடந்து காது கொடுத்தார். “சத்தம் இல்லை தம்பி. ஆனாலும் பிரித்துப் பார்த்துத்தான் சொல்வேன். குண்டில் குழி விழுந்திருந்தால் பூட் போட மாட்டேன்.”

ஷாஃப்டை உருவியபோது கியர் பாக்ஸிலிருந்து ஆயில் கொஞ்சம் வழிந்தது, தட்டில் பிடித்துக்கொண்டார். ஜாயிண்டைப் பிரித்து, பழைய கிரீஸை டீசலில் முழுக்கக் கழுவினார். பிறகு ஆறு குண்டுகளையும் துணியில் துடைத்துச் செய்தித்தாளில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் வெயிலில் உருட்டிப் பார்த்தார். குண்டு ஓடும் பள்ளங்களில் நகத்தால் கீறினார். பிறகு என் விரலைப் பிடித்து அங்கே வைத்து, “ஏதாவது தட்டுகிறதா?” என்றார். வழவழவென்று இருந்தது. இத்தனை ஆண்டு கார் ஓட்டியும், என் வண்டிக்குள் இருப்பதை யாரும் எனக்கு இப்படித் தொட்டுக் காட்டியதில்லை.

நானே கடைக்குப் போய் உறை, கிரீஸ், உறையை இறுக்கும் கிளாம்ப் அடங்கிய செட்டையும், ஷாஃப்ட் முனையில் பழைய நட்டைப் போடக் கூடாது என்று அவர் சொன்னதால் அதற்குப் புது நட்டும் வாங்கி வந்தேன். கிரீஸ் பொட்டலத்தைக் கடைசிவரை பிதுக்கி உள்ளே அடைத்தார். வழிந்த அளவுக்குக் கியர் ஆயிலும் ஊற்றினார். சந்து குறுகலாக இருப்பதால் அப்பா எப்போதும் சக்கரத்தை ஒடித்தே நிறுத்துவார் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். ஒரே பக்கம் இழுபட்டு நின்ற மடிப்பு வெடித்திருக்கலாம், இனி நேராக நிறுத்துங்கள் என்றார். வலப்பக்க உறையையும் நாங்கள் கேட்காமலே துடைத்துப் பார்த்தார். கூலியும் சாமான்களும் சேர்த்து 1,850 ரூபாய். ரசீது மட்டும் கிடையாது. செட்டு வந்த அட்டைப்பெட்டியின் முதுகில் கணக்கை எழுதித் தந்தார்.

இருநூறு கிலோமீட்டர் ஓடியபின் கிளாம்பைக் காட்ட வரச் சொல்லியிருந்தார். விட்டுப்போன பாபநாசத்துக்கும், குற்றாலத்துக்கும் போய்விட்டு, நான் டொரண்டோவுக்குக் கிளம்பும் முந்தின நாள் அவரிடம் போனோம். இந்த முறை அண்ணாச்சி குனியவில்லை. அப்பாவைக் குனியச் சொன்னார். அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்து, சக்கரத்தின் பின்னால் கையை விட்டுத் துழாவி, விரல்களை விரித்து எங்களிடம் காட்டினார். கொஞ்சம் தூசி, கிரீஸ் இல்லை.