தங்கக் கரை போட்ட வவுச்சரும் என் 154,000 ரூபாவும்

கிளிநொச்சி, பரந்தன், தருமபுரம் பக்கம் இருக்கிற பெற்றோர் யாராவது "ஆங்கில மொழிமூலக் கல்வி, 75 வீத வவுச்சர்" என்ற நோட்டீசைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தால், காசு கட்ட முதல் இதை ஒருக்கா வாசியுங்கள். பாடசாலையின் பெயரை எழுதவில்லை. விசயம் இப்போது இணக்கசபையில், வழக்குப் போடாமல் பேசித் தீர்க்கிற இடத்தில், இருக்கிறது, அதோடு இந்த வேலையை ஒரு இடம் மட்டும்தான் செய்கிறது என்றும் நான் நம்பவில்லை.

நான் ஏமாந்தது படிப்பில் இருந்த ஆசையால் மட்டுமில்லை, வவுச்சர் என்ற சொல்லால். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு மரியாதை இருக்கிறது. முன்பு சீருடைக்கு வந்தது, பிறகு 250 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளுக்கு 3,000 ரூபா சப்பாத்து வவுச்சர் வந்தது, வன்னியில் அந்தக் கணக்குக்குள் எத்தனை பள்ளிக்கூடம் வரும் என்று உங்களுக்கே தெரியும். கடையில் அந்தத் துண்டைக் கொடுத்தால் சப்பாத்து கிடைக்கும், கடைக்காரர் தன் காசை அரசாங்கத்திடம் எடுத்துக்கொள்வார். அதனால் வவுச்சர் என்றாலே பின்னால் ஒருவர் நின்று காசு கொடுக்கிறார் என்றுதான் மனம் நினைக்கும். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். குத்துவிளக்கு, ரை கட்டிய ஒருவர், வெளிநாட்டுக் கொடிகள் போட்ட பதாகை, ஆளுக்கொரு மைலோ பக்கெற். புலம்பெயர்ந்த நல்ல உள்ளங்களின் அமைப்பு ஒன்று தவணைக் கட்டணம் 36,000 ரூபாவில் 75 வீதத்தைக் கட்டும், நாங்கள் 9,000 கட்டினால் போதும் என்றார்கள். பிறகு பிள்ளைகளை ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்து, தங்கக் கரை போட்டு லாமினேற் பண்ணிய வவுச்சர் அட்டையைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அன்று இரவே அது பேஸ்புக்கில் வந்துவிட்டது. ஊரெல்லாம் பார்த்த பிறகு வேண்டாம் என்று சொல்ல யாருக்கு முகம் வரும்? அந்தப் படம் எங்களுக்காக எடுத்தது இல்லை என்று இப்போது விளங்குகிறது. "அமைப்பின் பெயர் என்ன தம்பி?" என்று நான் கேட்காமலும் இல்லை. "அண்ணை, லண்டன், கனடா எல்லா இடத்திலயும் இருக்கினம், நீங்கள் யோசிக்காம கையெழுத்து வையுங்கோ, இடம் முடியப்போகுது" என்று பதில் வந்தது. வைத்தேன்.

சேர்க்கைக் கட்டணம் 60,000, திருப்பித் தருவதாகச் சொன்ன வைப்புப் பணம் 30,000. காலபோக அறுவடைக் காசு வந்ததும் மீட்டுவிடலாம் என்று மனுசியின் காப்பை அடைவு வைத்துத்தான் அதைக் கட்டினேன். புத்தகம், சீருடை, ரை, பாடசாலைப் பெயர் அச்சடித்த பை எல்லாம் அவர்களிடமே வாங்க வேண்டும், அது 27,500. அதில் இருந்த கொப்பிகளை 155ஆம் கட்டை என்ற இடத்தில் ஒரு கடையில் விலை கேட்டுப் பார்த்தேன், அரைவாசிதான். முதலாம் தவணைக்கு 9,000 கட்டினோம், பிரச்சினை இல்லை.

இரண்டாம் தவணைப் பட்டியலில் 9,000க்குக் கீழே "வசதிக் கட்டணம் 14,500" என்று இன்னொரு வரி. கேட்டால், வவுச்சர் படிப்பிப்பதற்கு மட்டும்தானாம், மின்விசிறி, கணினி, தண்ணீர் எல்லாம் வேறாம். பரீட்சைக்கு இன்னுமொரு 4,000. மூன்றாம் தவணைக்கு வந்தது 50,500! அமைப்பிடமிருந்து காசு வரவில்லை, வரும்வரை முழுக் கட்டணமும் பெற்றோர் பொறுப்பு என்று ஒரு துண்டு. அட்டையைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார்கள். பின்பக்கத்தில், எறும்பு ஊர்ந்தது போல ஆங்கில எழுத்தில், இது நிர்வாகம் விரும்பும் காலம்வரை வழங்கும் சலுகை என்று போட்டிருந்தது. இடையில் விலகினால் அதுவரை பெற்ற சலுகையைத் திருப்பிக் கட்ட வேண்டுமாம். அமைப்பின் பெயரோ முகவரியோ எங்கும் இல்லை, இரண்டு கை குலுக்குகிற ஒரு சின்னம் மட்டும்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என்னைக் கூடச் சுட்டது. பஸ்சில் பக்கத்தில் இருந்த ஒருவரின் மகனும் அதே வகுப்பு. நடுவில் சேர்ந்ததால் அவருக்கு வவுச்சர் கிடைக்கவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டு எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று கேட்டேன். தவணைக்குப் பத்தாயிரம் என்றார், எல்லாம் சேர்த்து! அந்த 36,000 என்பது யாரும் ஒருநாளும் கட்டாத விலை. விலையைத் தாங்களே ஏற்றி, தாங்களே குறைத்து, குறைத்ததற்கு வவுச்சர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு உடுப்புக் கடையில் நடக்கிற வேலை.

மனுசியின் அக்காவின் மகள் அமெரிக்காவில் மில்வாக்கியில் ஆசிரியையாக இருக்கிறாள். வட்ஸ்அப்பில் புலம்பினேன். "சித்தப்பா, உலகத்திலயே வவுச்சருக்குப் பேர்போன ஊரிலதான் நான் இருக்கிறன்" என்று சிரித்துவிட்டு அவள் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குக் கண் திறந்தது. அங்கே 1990 இலிருந்து வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் தனியார் பாடசாலைக்குப் போக மாநில அரசே காசு கட்டுகிறது. ஆனால் அந்தக் காசை வாங்குகிற பாடசாலையின் கையை நன்றாகக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். எட்டாம் வகுப்புவரை வவுச்சர் பிள்ளையிடம் படிப்புக் கட்டணம் என்று ஒரு சதமும் மேலதிகமாகக் கேட்க முடியாது. சீருடை, சாப்பாடு, பஸ் போன்ற சிலவற்றுக்கு வாங்கலாம், ஆனால் அதைக் கட்ட முடியவில்லை என்பதற்காகப் பிள்ளையை வெளியேற்றவோ புள்ளியைக் குறைக்கவோ கூடாது. இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்கல்தான், கெட்டிக்காரப் பிள்ளையை மட்டும் பொறுக்கி எடுக்க இயலாது. வருடாவருடம் கணக்காய்வு அறிக்கை கொடுக்க வேண்டும். பாடசாலைக்குத் தர அங்கீகாரம் வேண்டும். காசும் மொத்தமாகப் போகாது, வருடத்தில் நான்கு தடவையாகப் போகிறது.

அங்கேயும் எல்லாரும் உத்தமர்கள் இல்லை. வராத பிள்ளைகளின் பெயரில் வவுச்சர் காசை மாற்றி, ஒரு பாடசாலைக்காரர் மெர்சிடிஸ் கார் வாங்கிய கதையும் அந்த ஊரில்தான் நடந்தது, பிறகுதான் 2004 அளவில் சட்டத்தை இறுக்கினார்கள். ஆனாலும் அங்கே முறையிட ஒரு திணைக்களம் இருக்கிறது. இங்கே? வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் அந்த நிறுவனம் தங்களுடைய மேற்பார்வைக்குள் வராது என்றார்கள். 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தின்படி 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை திறக்க முடியாது. அதனால் சர்வதேசப் பாடசாலை என்ற பலகையோடு வருகிறவை 2007ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டத்தில் பதிந்துகொண்டு நடக்கின்றன. வரவேற்பறைச் சுவரில் "அரச பதிவு பெற்றது" என்று பிரேம் போட்டுத் தொங்கியதை அப்புறம் கிட்டப் போய் வாசித்தேன். கம்பனிப் பதிவுச் சான்றிதழ். சீமெந்துக் கடைக்கும் அதே சான்றிதழ்தான் கிடைக்கும்.

இன்னொரு விசயமும் வலயக் கல்வி அலுவலகத்தில்தான் தெரிய வந்தது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை அரச பாடசாலைப் பிள்ளைகளுக்கும் அரச அங்கீகாரம் பெற்ற தனியார் பாடசாலைப் பிள்ளைகளுக்கும்தான். என் மகள் நான்காம் தரம். சேர்க்கும்போது ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பழைய பள்ளிக்கூடத்து அதிபர் நல்ல மனிசி, ஒரு கேள்வியும் கேட்காமல் திருப்பி எடுத்தார். ஆனால் இந்த வவுச்சர் பாடசாலைக்காரர் நிலுவை கட்டினால்தான் விடுகைப் பத்திரம் என்று மூன்று கிழமை இழுத்தடித்தார்கள். பிள்ளை இப்போது தமிழில் கணக்கு வாசிக்கத் தடுமாறுகிறாள், "வகுத்தல் எண்டா டிவைட் தானே அப்பா?" என்று கேட்கிறாள். இரண்டு தவணையில் ஆங்கிலமும் பெரிதாக வரவில்லை, அது வேறு கதை.

மொத்தம் 154,000 போய்விட்டது. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடமும் போனேன். சேவையைப் பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது, சேர்க்கைக் காசு கட்டி அதற்குமேல் ஆகிவிட்டது. நீங்கள் யாராவது இப்போதுதான் கட்டியிருந்தால் நாளைக்கே போங்கள், என்னைப் போல "அடுத்த தவணை சரிவரும்" என்று இருக்காதீர்கள். பிறகு இணக்கசபை. சட்டத்தரணி தேவையில்லை, இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டு இருத்திப் பேசுகிறார்கள். பற்றுச்சீட்டுகளை வைத்திருந்ததால்தான் நான் தப்பினேன், அதிலும் 9,000 கட்டிய ஒன்றுக்குப் பற்றுச்சீட்டு தராமல் துண்டுக் கடதாசியில் எழுதித் தந்திருக்கிறார்கள், பாருங்கள்.

இனி யாராவது உங்களிடம் வவுச்சர் என்று வந்தால் எனக்காக நாலு கேள்வி கேளுங்கள். காசு கட்டுவது யார், அவருடைய பெயர் முகவரி எழுத்தில் இருக்கிறதா? அவர் பாடசாலைக்குக் கட்டிய பற்றுச்சீட்டைக் காட்டுவார்களா? வவுச்சர் இல்லாத பிள்ளை எவ்வளவு கட்டுகிறது? காசு நடுவில் நின்றால் பிள்ளையின் கதி என்ன? மூன்றாவதை அலுவலகத்தில் கேட்காதீர்கள், வாசலில் நிற்கிற பெற்றோரிடம் கேளுங்கள். வெளிநாட்டில் இருந்து உதவுகிறவர்களுக்கும் ஒன்று: உண்மையிலேயே நீங்கள் காசு அனுப்பியிருந்தால், எந்தப் பிள்ளைக்கு என்று கேட்டு அந்தப் பிள்ளையின் தாய் தகப்பனோடு ஒருக்கா நேரே கதையுங்கள்.

வைப்புப் பணத்தில் 15,000 போன மாதம் தந்தார்கள். மிச்சம் 15,000 அடுத்த தவணைக்கு முதல் என்று இணக்கசபையில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சேர்க்கைக் கட்டணத்தைப் பற்றி இன்னும் பேச்சு முடியவில்லை. காப்பு இன்னும் வங்கியில் கிடக்கிறது. அந்தத் தங்கக் கரை அட்டையை அடுப்பில் போடச் சொல்லி மனுசி ஒவ்வொரு நாளும் சொல்கிறாள், அடுத்த அமர்வுக்குத் தேவை என்று அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். அதே அட்டை உங்களிடமும் இருந்தால், பின்பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள்.