காயலான் கடை டியூப்லைட்: காசு சோக்குக்குத்தான்

நாலடி, 40 வாட், காப்பர் சோக் (கரண்டைக் கட்டுப்படுத்தும் செம்புக் கம்பிச் சுருள்), ஸ்டார்ட்டர் (டியூப்பைப் பற்றவைக்கும் சின்ன டப்பா) வைத்த பழைய டியூப்லைட் ஃபிட்டிங் இன்று இரண்டு இடத்தில் அகப்படும். ஒன்று காயலான் கடை. மற்றது, எல்.இ.டி.க்கு மாறிவிட்ட பந்தல், மைக் செட் கடைகளின் பின்கட்டு. சரக்கு இரண்டும் ஒன்றல்ல. திருவிழாத் தெருவில் மூங்கிலில் கட்டி மழையில் நனைந்து எரிந்த ஃபிட்டிங்கில் தகரம் அரித்திருக்கும், ஒயரில் ஊருக்கு ஒரு ஒட்டு இருக்கும். பழைய ஆபீஸை இடிக்கும்போது கழற்றி வந்தது பெயின்ட் மங்கி அசிங்கமாகத் தெரிந்தாலும் உள்ளே பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அழகைப் பார்த்து வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஹோல்டர், ஸ்டார்ட்டர், ஒயர், பெயின்ட் எல்லாம் புதிதாக மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால் ஃபிட்டிங்கே வேறாகிவிடுவது சோக் ஒன்றுதான். அதனால் முதலில் மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். காப்பருக்காகச் சோக்கைப் பிடுங்கிவிட்டு வெறும் தகரத்தை விற்பதும், காப்பர் சோக் இருந்த இடத்தில் எலக்ட்ரானிக் சோக்கைத் திணித்து வைத்திருப்பதும் சகஜம். கையில் எடுத்தாலே தெரியும்: காப்பர் சோக் அரை கிலோவுக்கு மேல் கனக்கும், எலக்ட்ரானிக் டப்பாவில் கனமே இருக்காது.

அடுத்தது மல்டிமீட்டர். நல்ல 40 வாட் சோக் 30, 40 ஓம் அளவில் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. ஆனால் மீட்டரை மட்டும் நம்பக் கூடாது. உள்ளே சில சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தால் ஓம் கணக்கில் பெரிதாகத் தெரியாது. அதற்குப் பழைய குண்டு பல்பு ஒன்றைச் சோக்கோடு சீரியஸில் (ஒன்றன்பின் ஒன்றாக ஒரே லைனில்) போட்டு 230 வோல்ட் கொடுக்க வேண்டும். பக்கத்தில் அதே வாட் பல்பு ஒன்று நேராக எரியட்டும். சோக் நல்லதென்றால் சீரியஸ் பல்பு மங்கலாக எரியும். இரண்டும் சமமாக எரிந்தால் சோக் ஷார்ட். பல்பு 100 அல்லது 200 வாட்டாக இருக்க வேண்டும். பல வயர்மேன்கள் 40 வாட் பல்பைப் போட்டுப் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்பார்கள். 40 வாட் பல்பின் தடை சோக்கைவிட மிக அதிகம், அதில் வித்தியாசமே தெரியாது. ஷார்ட் ஆன சோக்கில் புது டியூப் மாட்டினால் இரண்டு முனையும் பளீரென்று வெளுத்து, டியூப் அங்கேயே போய்விடும். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கிளாம்ப் மீட்டரில் (ஒயரைக் கவ்விக் கரண்டை அளப்பது) பாருங்கள்: எரியும்போது கரண்ட் 0.43 ஆம்பியரை ஒட்டி இருந்தால் நிம்மதி.

சோக்கின் வார்னிஷ் காய்ந்து உதிர்ந்தால் தகரத்தில் கரண்ட் கசியும். இந்த ஃபிட்டிங்குகள் பலவற்றில் எர்த் இணைத்ததே கிடையாது. மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துச் சோக்கின் சுருளுக்கும் அதன் உடம்புக்கும் நடுவே அளந்து, எர்த் ஒயர் போட்டபிறகே மாட்டவும். சோக் ஃபேஸ் லைனில் வர வேண்டும், சுவிட்சும் அப்படியே. சுவிட்ச் நியூட்ரலில் இருந்தால் அணைத்த பிறகும் ராத்திரியில் டியூப் லேசாகப் பூசினாற்போல் ஒளிரும்.

மாட்டியபின் வரும் கோளாறுகளில் பாதி ஸ்டார்ட்டரால்தான். இரண்டு முனையும் ஆரஞ்சாக எரிந்துகொண்டே இருந்து நடுவில் பற்றவில்லையா? ஸ்டார்ட்டரைத் திருகிக் கழற்றுங்கள். உடனே டியூப் எரிந்தால், ஸ்டார்ட்டர் உள்ளே ஒட்டிக்கொண்டது என்று அர்த்தம். தகடு ஒட்டியிருக்கும், அல்லது அதிலுள்ள குட்டிக் கண்டென்சர் ஷார்ட் ஆகியிருக்கும். புது ஸ்டார்ட்டர் வாங்கும்போது 4–65 வாட் என்று எழுதியதைக் கேளுங்கள், 4–22 வாட் ஒற்றை நாலடி டியூப்புக்கு ஆகாது. மினுக்கிக்கொண்டே இருந்து முனைகளும் கருத்திருந்தால் டியூப்பின் ஆயுள் முடிந்தது. புது டியூப்பும் மினுக்கினால் வோல்டேஜைப் பாருங்கள். 180க்குக் கீழே போனால் இந்த ரகம் தடுமாறும். (மெதுவாகப் புரிந்துகொள்கிறவரை "டியூப்லைட்" என்கிறோமே, பழி உண்மையில் ஸ்டார்ட்டருக்குப் போக வேண்டியது.) எந்தச் சத்தமும் அசைவும் இல்லையென்றால் டியூப்பைக் கழற்றி இரண்டு முனையிலும் ஃபிலமென்டை அளக்கவும்; சில ஓம் காட்ட வேண்டும். அதுவும் சரியென்றால் ஹோல்டர்: பிளாஸ்டிக் பொரிந்து, பித்தளைத் தகடு பின்னைத் தொடாமல் நிற்கும். சோக் ரீங்காரமிட்டால் அதற்கு மருந்து, அதன் திருகை இறுக்கி அடியில் ரப்பர் வாஷர் வைப்பது. சதுர அலை இன்வெர்ட்டரில் மட்டும் அது போகாது.

இன்வெர்ட்டர் என்றதும் இன்னொன்று. டியூப் 40, சோக் தின்பது பத்துப் பன்னிரண்டு, ஆக 52 வாட் என்று கணக்குப் போடாதீர்கள். லைன் கரண்டைக் குறைக்கும் கண்டென்சர் இல்லாத ஃபிட்டிங் 0.43 ஆம்பியர் இழுக்கிறது, அதாவது இன்வெர்ட்டருக்கு அது நூறு வி.ஏ. (வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கியது) பாரம். கரண்ட் பில்லுக்கு மட்டும் அந்த 52 வாட்தான் கணக்கு: 20 வாட் எல்.இ.டி.யைவிட நாளுக்கு ஐந்து மணி நேரத்தில் வருஷத்துக்கு 58 யூனிட் கூடுதல். வீடு முழுக்க மாட்ட இதை வாங்குவது வீண். ஒன்றிரண்டு, திண்ணைக்கோ பட்டறைக்கோ, அந்தப் பழைய வெளிச்சத்துக்காக என்றால் சரி.

டியூப்பைப் பொறுத்தவரை, 38 மில்லிமீட்டர் குண்டு டியூப் கிடைக்காவிட்டால் 26 மில்லிமீட்டர், 36 வாட் டியூப் அதே சோக்கில் தாராளமாக எரியும். 28 வாட் மெலிந்த டியூப் நீளத்திலும் கரண்டிலும் பொருந்தாது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023இல் எடுத்த முடிவுப்படி 2027க்குள் இந்த டியூப்களின் தயாரிப்பும் ஏற்றுமதி இறக்குமதியும் நிற்க வேண்டும். இந்தியாவும் அதில் உண்டு. ஆகவே ஃபிட்டிங் ஒன்றுக்கு இரண்டு டியூப்பாவது எடுத்து, அட்டை உறையோடு படுக்கை வசத்தில் வையுங்கள். உடைந்தால் துடைப்பம் போடாதீர்கள், பாதரசம் பரவும். ஜன்னலைத் திறந்து ஃபேனை அணைத்துவிட்டு, கால் மணி நேரம் கழித்து ஈரக் காகிதத்தால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள டப்பாவில் போடவும்.